பழைய லாரியில் பாட்டரியை இடம் மாற்றுதல்

பழைய மோட்டார் லாரி ஒன்றைப் புதுப்பிக்க முற்படுவோர், எஞ்சினைச் சீராக்குவதிலும் உடற்பகுதிக்கு வர்ணம் பூசுவதிலும் செலுத்தும் கவனத்தைப் பாட்டரியின்பால் செலுத்துவதில்லை. மின்சாரம் வந்தால் போதும், பாட்டரி எங்கிருந்தால் என்ன என்னும் எண்ணமே இதற்குக் காரணம். கைக்கு எட்டாத இடத்திலிருக்கும் பாட்டரியை வசதியான வேறோர் இடத்திற்கு மாற்றுவது அரை நாள் வேலை என்றே பலரும் கருதுகின்றனர். வேலை அரை நாளில் முடியலாம். ஆனால் அதில் நேரும் பிழைகள், ஸ்டார்ட்டர் சரிவரச் சுழலாமை முதல் வண்டியே தீக்கிரையாதல் வரை, பின்னர் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பாட்டரியின் இடத்தை வண்டியை அமைத்தவர்கள் கம்பியின் நீளத்தைக் கருதியே தேர்ந்தனர். அந்த இடத்தை நாம் மாற்றும்போது எந்தெந்தக் கணக்குகள் மாறுகின்றன என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

இத்தகைய லாரிகள் நம் நாட்டில்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை, ஷெவர்லே கார்களையும் லாரிகளையும் பகுதிகளாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்று வந்தது. ஃபோர்டு நிறுவனம் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் அவ்வாறே செய்தது. இரண்டாம் உலகப்போரின்போது கனடா நாட்டுத் தொழிற்சாலைகளில் உருவான ஃபோர்டு, ஷெவர்லே ராணுவ லாரிகளும் இந்தியாவுக்கு வந்தன. போர் முடிந்தபின் உபரியாக நின்ற ராணுவ வண்டிகள் விற்கப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

பெங்களூர் நெடுங்காலமாகப் படைத்தளமாக விளங்கிய நகரம். 1780-ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படைப்பிரிவின் தலைமையிடம் அந்நகரின் அல்சூரில் ஏரியை அடுத்து அமைந்துள்ளது. பாலம் கட்டுதல், சாலை அமைத்தல் முதலிய பணிகளைச் செய்யும் அத்தகைய படைகளுக்கு லாரி இன்றியமையாதது. படையும், அதனைச் சார்ந்த தொழிலாளரும், பட்டறைகளும் ஒருங்கே இருந்த நகரமாதலால், பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் கைத்திறனும் அங்கு ஊன்றி வளர்ந்தது. ஆகவே நம் பாடத்திற்கு எடுத்துக்காட்டாக, 1947 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஷெவர்லே லாரி வகையுள் ஒன்று அல்சூர்ப் பட்டறையொன்றில் புதுப்பிக்கப்படுவதாகக் கொள்வோம்.

இவ்வகை லாரியில் மின்னமைப்பு 6 வோல்ட்டு அழுத்தத்தில் இயங்குவது. பாட்டரி, ஓட்டுநர் அறையின் தரைக்கு அடியில் ஒரு தட்டில் அமர்ந்திருக்கும். தரையிலுள்ள மூடியைத் திறந்துதான் அதனைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரைக் காலால் மிதிக்கும் கட்டை ஒன்று இயக்கும். மிதித்தவுடன் ஸ்டார்ட்டரின் மேலுள்ள சுவிட்ச் மூடிக்கொள்ள, பாட்டரியின் மின்னோட்டம் நேரே ஸ்டார்ட்டருக்குள் பாயும்.

இந்த இடத்தைப் புதுப்பிப்போர் வெறுப்பதற்குக் காரணங்கள் உண்டு. காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் தரை விரிப்பைத் தூக்க வேண்டியுள்ளது. சிந்திய அமிலத்தால் தட்டும் அதனைச் சுற்றிய தகடும் அரித்துப் போயிருக்கும். 12 வோல்ட்டுப் பாட்டரி வாங்கினால் பழைய தட்டில் அது பொருந்தாமலும் போகலாம். ஆகவே, அடிச்சட்டத்தின் பக்கவாட்டிலோ சரக்குத் தளத்தின் அடியிலோ புதிய பெட்டி ஒன்றை மாட்டிவிட எண்ணுகின்றனர்.

கம்பியின் நீளமும் அழுத்த இழப்பும்

எந்தக் கம்பியும் மின்னோட்டத்திற்குச் சிறிது தடை தருகிறது. தடை, கம்பியின் நீளத்திற்கு நேர் விகிதத்திலும், குறுக்குப் பரப்பிற்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் உடைய செம்புக் கம்பியின் தடை, 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் 0.0172 ஓம் ஆகும். எனவே,

அழுத்த இழப்பு = 0.0172 × நீளம் × மின்னோட்டம் ÷ பரப்பு

என்பது நம் சூத்திரம். நீளம் மீட்டரிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், பரப்பு சதுர மில்லிமீட்டரிலும் இருந்தால் விடை வோல்ட்டில் கிடைக்கும்.

6 வோல்ட்டு ஸ்டார்ட்டர் ஒன்று எஞ்சினைச் சுழற்றும்போது 300 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். பழைய இடத்திலிருந்து ஸ்டார்ட்டர் வரை அரை மீட்டர் தொலைவு, கேபிளின் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் எனில், இழப்பு 0.05 வோல்ட்டுதான். இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பாட்டரியை 3 மீட்டருக்கு அப்பால் மாற்றி, அதே கேபிளைப் பயன்படுத்தினால் இழப்பு ஆறு மடங்காகி 0.31 வோல்ட்டு ஆகும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 16 சதுர மில்லிமீட்டர்க் கேபிளை இட்டாலோ, 0.97 வோல்ட்டு வழியிலேயே தொலைந்துவிடும். மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும் அல்லவா? திரும்பும் வழிக்கும் அதே கேபிள் என்றால் மொத்த இழப்பு 1.94 வோல்ட்டு.

ஸ்டார்ட்டர் இழுக்கும் பொழுது 6 வோல்ட்டுப் பாட்டரியின் முனைகளிலேயே அழுத்தம் 5 வோல்ட்டு அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதிலிருந்து ஏறத்தாழ 2 வோல்ட்டு கேபிளில் கரைந்தால், ஸ்டார்ட்டருக்கு எஞ்சுவது 3 வோல்ட்டுதான். உண்மையில், அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் குறையும். மின்னோட்டம் குறைந்தால் ஸ்டார்ட்டரின் திருப்பு விசை குன்றும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெங்களூரின் விடியற்காலை வெப்பநிலை 15 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. அப்பொழுது எஞ்சின் எண்ணெய் தடித்து, பாட்டரியின் திறனும் சற்றுத் தளர்ந்திருக்கும். அன்றுதான் லாரி கிளம்ப மறுக்கும். குற்றம் கேபிளில் இருக்க, பழி பாட்டரியின் மேல் விழும்.

இதனோடு மற்றொரு தீங்கும் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில், தீப்பொறி தரும் காயிலுக்குச் செல்லும் கம்பி, ஸ்டார்ட்டரின் முனையிலிருந்தே பிரிகிறது. ஆகவே நீண்ட கேபிளில் ஏற்படும் இழப்பு காயிலையும் தாக்கும். எஞ்சின் கிளம்புவதற்கு வலுவான பொறி தேவைப்படும் அந்நேரத்திலேயே பொறி மெலிந்துவிடும்.

6 வோல்ட்டும் 12 வோல்ட்டும்

மொத்த இழப்பு 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என வரம்பு செய்துகொண்டால், 300 ஆம்பியர் மின்னோட்டத்திற்குப் போக 3 மீட்டர், வர 3 மீட்டர் ஆக 6 மீட்டர் கேபிளுக்குத் தேவையான பரப்பு என்ன? 0.0172 × 6 × 300 ÷ 0.5 என்று கணக்கிட, ஏறத்தாழ 62 வருகிறது. சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 70 சதுர மில்லிமீட்டர் ஆகும்.

இதே திறனுடைய 12 வோல்ட்டு ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் மட்டுமே இழுக்கும். அதே விகிதத்தில் 1 வோல்ட்டு இழப்பை அனுமதிக்கலாம். அப்பொழுது தேவையான பரப்பு 15.5 சதுர மில்லிமீட்டர்தான். அழுத்தம் இரு மடங்கானால் செம்பு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. நவீனக் கார்களில் பாட்டரியைப் பின்புறத்தில் வைத்தும் தொல்லை விளையாமைக்கு இது ஒரு காரணம். அவற்றைப் பார்த்து அவ்வாறே 6 வோல்ட்டு லாரியிலும் செய்ய முனைவது பொருந்தாது.

அப்படியாயின் 12 வோல்ட்டுக்கு மாறிவிடலாமே எனில், பாட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. டைனமோ, அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி, காயில், விளக்குகள், அளவுமானிகள் ஆகிய யாவற்றையும் மாற்றவோ தடை சேர்க்கவோ வேண்டும். முனைகளின் திசையிலும் எச்சரிக்கை தேவை. இந்த ஷெவர்லே லாரிகளில் எதிர்முனை அடிச்சட்டத்தோடு இணைந்திருக்கும். அக்காலத்து 6 வோல்ட்டு ஃபோர்டு வண்டிகளிலோ நேர்முனை இணைந்திருக்கும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறிழைத்தல் எளிது.

கேபிள் வாங்கும்போது அதன் வெளித் தடிப்பைக் கண்டு ஏமாறலாகாது. மேலுறை தடித்தும் உள்ளிருக்கும் செம்பு மெலிந்தும் இருக்கக்கூடும். நுனியை உரித்து இழைகளை எண்ணிப் பார்த்தல் நன்று. 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழை ஒன்றின் பரப்பு 0.126 சதுர மில்லிமீட்டர். எனவே 50 சதுர மில்லிமீட்டர்க் கேபிளில் அத்தகைய இழைகள் ஏறத்தாழ 400 இருக்க வேண்டும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டியும் பார்க்க வேண்டும். உள்ளே வெண்மை தோன்றினால் அது செம்பு பூசிய அலுமினியம் ஆகும். அலுமினியத்தின் தடை செம்பினதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்டது.

திரும்பும் வழி

அடிச்சட்டத்தின் வழியாகவே மின்னோட்டம் திரும்புமாறு மோட்டார் வண்டிகளை அமைப்பது வழக்கம். எஃகின் தடை செம்பினதைப்போல் எட்டுப் பத்து மடங்கு எனினும், சட்டத்தின் பரப்பு மிகப் பெரிது. 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டை மடித்து, 150 மில்லிமீட்டர் உயரமும் 60 மில்லிமீட்டர் அகலமும் உள்ளதாகச் செய்த சட்டத்தின் பரப்பு 1,300 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 130 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிளுக்குச் சமம். ஆகவே சட்டம் நல்ல கடத்தியே.

குறை, இணைப்புகளில்தான் உள்ளது. வர்ணத்தின் மேலோ துருவின் மேலோ மாட்டிய இணைப்பு, ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் தடை தந்தாலும் 300 ஆம்பியரில் 0.3 வோல்ட்டு இழப்பாகும். அவ்விடத்தில் 90 வாட்டு வெப்பமும் உண்டாகும். இணைப்பு வைக்கும் இடத்தைப் பளபளக்கத் தேய்த்து, வாஷரிட்டு இறுக்கி, அதன் பின்னரே வாசலின் அல்லது வர்ணம் பூச வேண்டும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் சட்டத்திலிருந்து எஞ்சினுக்குத் தனியே தடித்த பட்டை இணைப்பு வேண்டும். இதனை மறந்தால் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர்க் கம்பி, சோக்குக் கம்பி முதலியவற்றின் வழியே திரும்ப முயன்று அவற்றைச் சூடாக்கும்.

வாயுவும் வெப்பமும்

பாட்டரி முழுதும் ஏறிய பின்னரும் மின்னேற்றம் தொடர்ந்தால், நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிப்படும். ஒவ்வொரு கலத்திலும் ஓர் ஆம்பியர்-மணிக்கு 0.42 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகிறது. 6 வோல்ட்டுப் பாட்டரியில் மூன்று கலங்கள் உள்ளன. 5 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் மிகையாக ஏறினால் 6.3 லிட்டர் ஹைட்ரஜன் வெளிப்படும். 50 லிட்டர்க் கொள்ளளவுள்ள மூடிய பெட்டியில் அது தங்கினால், ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காகும். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும் கலவையாகிவிடும்.

பழைய இடத்தில் பாட்டரியின் அடியில் காற்று தாராளமாக ஓடியது. புதிய இடத்தில் அழகுக்காக மூடிய பெட்டி செய்வோர் அந்த நன்மையை இழக்கின்றனர். ஹைட்ரஜன் காற்றினும் இலேசானது. ஆகவே பெட்டியின் உச்சியில் துளைகள் இருத்தல் வேண்டும். அடியிலும் துளைகள் இருந்தால் காற்று புகவும், மழைநீரும் அமிலமும் வடியவும் உதவும். பொறி தெறிக்கும் சுவிட்ச் எதனையும் பெட்டிக்குள் வைத்தலாகாது.

புகைக்குழாயின் அண்மையும் கூடாது. பாட்டரி இருக்கும் இடத்தின் வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுவிதி. இடமின்மையால் குழாயை ஒட்டி வைக்க நேர்ந்தால், இடையே தகடு ஒன்றை இருபுறமும் காற்றோடும்படி நிறுத்த வேண்டும்.

பொருத்தும் முறை

18 கிலோகிராம் எடையுள்ள பாட்டரி, லாரி குழியில் இறங்கி ஏறும்போது தன் எடையைப்போல் மும்மடங்கு விசையைத் தட்டின்மேல் செலுத்தினால், அது 54 கிலோகிராம் எடைக்குச் சமம். பின் அச்சுக்கு அப்பால் அதிர்ச்சி மேலும் மிகும். ஆகவே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், ஸ்டார்ட்டர் இருக்கும் பக்கத்தில், சட்டத்தின் கீழ் விளிம்புக்குத் தாழாமல் தட்டை அமைப்பது நன்று. பாட்டரியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கட்டாயம் வேண்டும்.

அடிச்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுதல் பெருந்தவறு. பாரத்தால் உண்டாகும் இழுவிசையும் அழுத்தமும் அவ்விளிம்புகளிலேயே மிகுதி. நடுத்தகட்டில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துக. துளை இல்லையேல், கவ்விப் பிடிக்கும் இரும்புப் பட்டையால் தட்டை மாட்டலாம். பற்றவைத்தலைத் தவிர்ப்பது நன்று.

தீயிலிருந்து காத்தல்

யாவற்றினும் முதன்மையானது இதுவே. காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டரில், பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை கேபிள் எப்பொழுதும் மின்னூட்டம் பெற்றே இருக்கிறது. அரை மீட்டர்க் கேபிளில் அபாயம் சிறிது. சட்டத்தின் ஓரமாக 3 மீட்டர் ஓடும் கேபிளில், உரசித் தேயும் இடங்கள் பல.

16 சதுர மில்லிமீட்டர்க் கேபிளின் மறுகோடி சட்டத்தில் பட்டுவிட்டதாகக் கொள்வோம். பாட்டரியின் உட்தடை 0.005 ஓம், கேபிளின் தடை 0.0032 ஓம், ஆக 0.0082 ஓம். மின்னோட்டம் 730 ஆம்பியர் ஆகும். கேபிளில் மட்டும் 1,700 வாட்டு வெப்பம் பிறக்கும். அதிலுள்ள செம்பின் எடை ஏறத்தாழ 430 கிராம். கணக்கிட்டுப் பார்த்தால், வினாடிக்குப் 10 பாகை வீதம் அது சூடேறும். கால் நிமிடத்திற்குள் மேலுறை உருகத் தொடங்கிவிடும். பக்கத்தில் பெட்ரோல் குழாய் சென்றால், ஓட்டுநர் இறங்கி ஸ்பானரைத் தேடும் முன்பே லாரியைத் தீ பற்றிவிடும்.

ஆகவே பின்வருவனவற்றைத் தவறாது செய்க:

1. கேபிளைப் பெட்ரோல் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் எதிர்ப்பக்கத்தில் கொண்டு செல்க.

2. கேபிள் முழுவதற்கும் உறைக்குழாய் இட்டு, 30 சென்டிமீட்டருக்கு ஒரு கவ்வியால் பிடித்து நிறுத்துக. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடந்தோறும் ரப்பர் வளையம் பொருத்துக.

3. பாட்டரியின் அருகில், ஆனால் பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று அமைக்க. வண்டி நிற்கும்போது அதனைத் திறந்து வைக்க.

4. இயலுமாயின் பாட்டரியின் அருகே ஸ்டார்ட்டர் ரிலே ஒன்றைச் சேர்க்க. அப்பொழுது ஸ்டார்ட்டருக்குச் செல்லும் நீண்ட தடித்த கேபிள், எஞ்சினைக் கிளப்பும் சில வினாடிகள் தவிர மற்ற நேரமெல்லாம் மின்னூட்டமற்றிருக்கும். காயிலுக்கும் விளக்குகளுக்கும் பாட்டரியிலிருந்து தனிக் கம்பி எடுத்து, தொடக்கத்திலேயே ஃபியூஸ் இடுக. டைனமோவின் மின்னேற்றக் கம்பியும் இவ்வழியே பாட்டரியை அடைய வேண்டும்.

5. பாட்டரியைக் கழற்றும்போது சட்டத்தோடு இணைந்த முனையை முதலில் கழற்றுக. மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுக. அவ்வாறு செய்தால் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் பொறி எழாது.

சோதித்தல்

வேலை முடிந்ததும் வோல்ட்டுமானி ஒன்றால் பயனைச் சோதிக்கலாம். காயிலின் கம்பியைக் கழற்றி, எஞ்சின் கிளம்பாதபடி செய்து, உதவியாளர் ஒருவரை ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொல்க. அந்நேரத்தில் பாட்டரியின் உயர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் முனைக்கும் இடையேயுள்ள அழுத்தத்தை அளக்க. பின்னர் பாட்டரியின் மறுமுனைக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே அளக்க. இவ்விரண்டையும் கூட்டினால் 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால், ஒவ்வோர் இணைப்பாக அளந்து சென்று குறையுள்ள இடத்தைக் கண்டுபிடிக்கலாம். முனையின் மேல் முள்ளை வைத்து ஒரு முறையும், கேபிளின் லக்கின் மேல் வைத்து ஒரு முறையும் அளந்தால், அந்த இணைப்பு ஒன்றின் இழப்பு மட்டும் வெளிப்படும்.

இடம் மாற்றத்தான் வேண்டுமா?

மேற்கூறிய யாவற்றையும் நிறைவேற்ற ஆகும் செலவையும் உழைப்பையும் கருதினால், பழைய இடத்தையே செப்பனிடுவது பெரும்பாலும் எளிது என்பது விளங்கும். அரித்த தட்டைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, புதிய தகடு வைத்து, அமிலம் தாங்கும் வர்ணம் பூசினால் அது பல்லாண்டு நிற்கும். தரை மூடியின் கீலைச் சீராக்கினால், நீர் ஊற்றுவதும் தொல்லையாக இராது.

பழம்பொருள் காத்தல் என்னும் நோக்கிலும் இதுவே ஏற்றது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட பகுதி, முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த பழம்பெரும் வண்டிகளைப் பற்றியது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாதிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவ்விதி இருசக்கர வண்டிகளையும் கார்களையும் கருதி எழுதப்பட்டதேயாயினும், அதன் உட்கருத்து லாரியைப் புதுப்பிப்போருக்கும் நல்ல வழிகாட்டி. மாற்றியே தீர வேண்டுமெனில், பின்வருவோர் விரும்பினால் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய விதத்தில் மாற்ற வேண்டும். பழைய தட்டையும் கேபிளையும் எறியாது, சீட்டுக் கட்டிப் பாதுகாத்தல் நன்று.

பயிற்சிக்கு ஒரு கணக்கு

6 வோல்ட்டு லாரி ஒன்றில் பாட்டரியை ஸ்டார்ட்டரிலிருந்து 4 மீட்டர் தொலைவில் வைக்கின்றனர். போகவும் வரவும் செம்புக் கேபிள் இடுகின்றனர். ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் 250 ஆம்பியர். மொத்த இழப்பு 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டுமாயின் கேபிளின் பரப்பு யாது?

விடை: 0.0172 × 8 × 250 ÷ 0.5 = 68.8. ஆகவே 70 சதுர மில்லிமீட்டர்க் கேபிள் வேண்டும். அதே பாட்டரியை 2 மீட்டர் தொலைவில் வைத்தால் 35 சதுர மில்லிமீட்டரே போதும். நீளமும் பாதி, பரப்பும் பாதி. ஆதலால் வாங்க வேண்டிய செம்பு நாலில் ஒரு பங்காகிறது. புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கைக்கொள்ள வேண்டிய கருவி அளவு நாடாவே என்பதை இக்கணக்கால் உணரலாம்.